சீல் கிட் வாங்கும் முன் கப்ளரைக் கழற்றுங்கள்

கேள்வி: ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எங்களுக்குக் காபித் தோட்டம் இருக்கிறது. போன வருடம் பழைய ஸ்கிட் ஸ்டீர் லோடர் (மண் அள்ளுகிற சின்ன வண்டி) ஒன்று வாங்கினேன். கூடவே வெளிநாட்டிலிருந்து வந்த, பனி தள்ளுகிற ஆங்கிள் பிளேடு ஒன்றும் கிடைத்தது. மழைக்காலத்தில் தோட்டப் பாதையில் சரிந்து விழும் மண்ணைத் தள்ள அதைத்தான் மாட்டுகிறோம். மூன்று தொல்லை. பிளேடை இடது பக்கம் திருப்பி மண்ணைத் தள்ளினால், கொஞ்ச தூரத்திலேயே தானாக நேராகிவிடுகிறது. வலது பக்கம் அவ்வளவு மோசமில்லை. காலையில் பிளேடு திரும்ப வெகுநேரம் பிடிக்கிறது, பத்து மணிக்கு மேல் சரியாகிவிடுகிறது. பிளேடைக் கழற்றி வெயிலில் போட்டுவைத்தால் அடுத்த முறை, ஹோஸை வண்டியோடு இணைக்கிற கப்ளரை மாட்டவே முடிவதில்லை. மெக்கானிக், பிளேடைத் திருப்புகிற இரண்டு சிலிண்டருக்கும் சீல் கிட் (உள்ளே ஆயில் கசியாமல் தடுக்கும் வளையங்கள்) மாற்றச் சொல்கிறார். மாற்றிவிடலாமா சார்?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். மெக்கானிக் தப்பாகச் சொல்கிறார் என்றில்லை, சீல் போயிருக்கவும் வாய்ப்பு உண்டு. ஆனால் நீங்கள் எழுதியதிலேயே ஒரு துப்பு இருக்கிறது: இடது பக்கம் மட்டும் அதிகம். அதற்கு வருகிறேன்.

சேலத்தில் ஹைட்ராலிக் வேலை பார்க்கிறவர்களுக்குப் பனி தள்ளும் பிளேடு வருடத்துக்கு ஒன்று கண்ணில் படுவதே அபூர்வம். ஆனாலும் பயப்பட ஒன்றுமில்லை. லோடரின் கை பிளேடைத் தூக்கி இறக்குகிறது. இடது வலது திருப்புவது மட்டும்தான் ஹோஸ் வழியாக வரும் ஆயிலின் வேலை. இரண்டு ஹோஸ், இரண்டு சிலிண்டர், நடுவில் கையகலத்தில் ஓர் இரும்புக் கட்டை, அவ்வளவுதான். போர்வெல் வண்டியில் கை வைத்த திருச்செங்கோட்டுப் பையனுக்கு இது விளையாட்டுச் சாமான்.

அந்த இரும்புக் கட்டைதான் பலர் கவனிக்காமல் விடுவது. அதற்குள், பிரஷர் மிஞ்சினால் திறந்துவிடுகிற இரண்டு ரிலீஃப் வால்வுகள் எதிரெதிராக உட்கார்ந்திருக்கும். கிராஸ் ஓவர் ரிலீஃப் என்பார்கள். பிளேடின் ஓரம் பனிக்கு அடியில் மறைந்த கல்லில் மோதினால், சிலிண்டரில் பிரஷர் ஒரேயடியாக ஏறும். அப்போது அந்த வால்வு திறந்து ஆயிலை மறுபக்கத்துக்கு விட்டு, பிளேடு சற்றுத் திரும்பிக்கொள்ள இடம் கொடுக்கும். அது இல்லாவிட்டால் சிலிண்டருக்குள் போய்வரும் தண்டு, அதாவது ராடு, வளையும், இல்லையென்றால் பிரேம் கிழியும். ஆக, பிளேடு தானாகத் திரும்புவது சில நேரம் கோளாறே இல்லை, அது செய்ய வேண்டிய வேலை.

இங்கேதான் உங்கள் ஊர் விஷயம் வருகிறது. புதிதாய் விழுந்த பனி ஒரு கன மீட்டர் 100 கிலோ அளவில்தான் இருக்கும். உங்கள் பாதையில் சரிகிற ஈரச் செம்மண் 1,500 கிலோவுக்கு மேல் போகும். பஞ்சு மூட்டை தூக்க வந்தவனை நெல் மூட்டை தூக்கச் சொன்ன மாதிரி. அதனால் முதலில் ஒன்று பாருங்கள்: அரை பிளேடு அளவு மண்ணை மட்டும் பிடித்து மெதுவாகத் தள்ளும்போதும் நேராகிறதா? முழு பிளேடும் நிறைந்து வண்டி உறுமும்போது மட்டும் நேரானால் வால்வு தன் கடமையைச் செய்கிறது. நீங்கள்தான் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிந்து தள்ள வேண்டும். முழுக் கோணத்தில் திருப்பாமல் பாதியில் நிறுத்தித் தள்ளினாலும் வால்வு பிழைத்துக்கொள்ளும்.

அரை பிளேடிலேயே நேராகிறது என்றால் அது கசிவு. இப்போது கேள்வி, கசிவு லோடரிலா, பிளேடிலா? இதற்கு நயாபைசா செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. எனக்குத் தெரிந்து பத்தில் எட்டுப் பேர் இதைச் செய்யாமல்தான் சீல் கிட் வாங்கப் போகிறார்கள்.

பிளேடை இடது பக்கம் முழுதாகத் திருப்புங்கள். தரையில் இறக்கி எஞ்சினை அணைத்து, சாவியை மட்டும் ஆன் செய்து, பிளேடு திருப்புகிற சுவிட்சை இரு பக்கமும் நான்கைந்து முறை அழுத்துங்கள். ஹோஸில் நிற்கும் பிரஷர் இறங்கும். பிறகு இரண்டு கப்ளரையும் கழற்றிவிடுங்கள். கப்ளர் கழன்றதும் அதன் வாய் தானாக மூடிக்கொள்ளும். உள்ளே இருக்கும் ஆயிலுக்கு இனி வெளியே போக வழியில்லை. சிலிண்டர் ராடில், வாய்ப்பக்க ஓரத்தை ஒட்டி, சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். பிளேடு வண்டியில் மாட்டியபடியே இருக்கட்டும், ஹோஸ் மட்டும் தொங்காமல் கட்டிவையுங்கள். இப்போது மண்மேட்டில் பிளேடின் ஓரத்தை வைத்து, முதல் சோதனையில் தள்ளிய அளவுக்கே மெதுவாகத் தள்ளிப் பாருங்கள்.

கோடு நகரவில்லையா? அப்படியானால் பிளேடில் குற்றமில்லை. ஆயில் லோடர் பக்கம்தான் ஒழுகுகிறது. லோடரில் ஆயிலை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிவிடுகிற ஸ்பூல் தேய்ந்திருக்கலாம். அல்லது பிளேடுக்கு ஆயில் தருகிற லைன், மோட்டார் ஓட்டுவதற்காக நியூட்ரலில் இரு பக்கமும் டேங்க்குக்குத் திறக்கிற வகையாக இருக்கலாம்; சிலிண்டரைப் பிடித்து நிறுத்த அது தோதுப்படாது. இதற்கு லோடரைப் பிரிக்க வேண்டியதில்லை. பிளேடில், கப்ளருக்கும் கிராஸ் ஓவர் கட்டைக்கும் இடையில், ஆயில் திரும்பி ஓடாமல் பிடித்து நிறுத்தும் இரட்டை லாக் வால்வு ஒன்றைப் போட்டால் போதும். பைலட் ஆப்பரேட்டட் டபுள் செக் வால்வு என்று கேளுங்கள். இடம் முக்கியம்: கட்டைக்கும் சிலிண்டருக்கும் நடுவே போட்டுவிட்டால் ரிலீஃப் வால்வால் சிலிண்டரைக் காப்பாற்ற முடியாது.

கோடு நகர்ந்ததா? அப்படியானால் கசிவு பிளேடில். இப்போது அந்தத் துப்புக்கு வருவோம். உங்கள் பிளேடில் இரண்டு சிலிண்டர்களும் குறுக்காக இணைந்திருக்கும்: இடது சிலிண்டரின் அடிப்பக்கமும் வலது சிலிண்டரின் ராடுப் பக்கமும் ஒரே லைனில். பிஸ்டன் சீல் போனால் இரண்டு லைனும் ஒன்றோடொன்று கலந்துவிடும், பிளேடு பெரும்பாலும் இரு பக்கமும் தளரும். ஒரு பக்கம் மட்டும் அதிகம் தளர்ந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது கட்டையில் இருக்கும் இரண்டு ரிலீஃபில் ஒன்றை. வால்வு மூடி உட்கார்கிற இடத்தில், அதாவது சீட்டில், மண் துகள் ஒன்று மாட்டியிருக்கும். கடுகளவு கூட வேண்டாம், அதில் கால்வாசி இருந்தாலே வால்வு முழுதாக மூடாது.

எப்படி உறுதி செய்வது? இரண்டு ரிலீஃப் கார்ட்ரிட்ஜும் (கட்டையிலிருந்து திருகிக் கழற்றக்கூடிய வால்வு) ஒரே மாதிரி என்றால் இடம் மாற்றிப் போடுங்கள். இப்போது வலது பக்கம் தளர ஆரம்பித்தால், குற்றவாளி அந்தக் கார்ட்ரிட்ஜ். இடது பக்கமே தளர்ந்தால் கட்டையின் சீட்டோ சிலிண்டரோ. போன மழைக்கு அடிவாரத்திலிருந்து ஒருவர் இதே குறையோடு பிளேடைக் கொண்டுவந்தார். கார்ட்ரிட்ஜைக் கழற்றி வெள்ளைத் தட்டில் வைத்துப் பார்த்தபோது நுனியில் செம்மண் நிறத்தில் ஒரு மினுக்கம். டீசலில் அலசி, அமுக்கின காற்றால் ஊதி, புது ஓ-ரிங் போட்டேன். அன்றைய செலவு அந்த ஓ-ரிங் மட்டும்தான். அதற்கு முன் அவர் இரண்டு சீல் கிட் வாங்கிப் போட்டிருந்தார்.

கழற்றும்போது இரண்டு எச்சரிக்கை. முதலில் கட்டையைச் சுற்றிலும் பிரஷ்ஷும் டீசலும் போட்டுத் துடையுங்கள். இல்லாவிட்டால் உள்ளிருந்த துகளை எடுக்கப்போய் வெளியிலிருக்கும் மண்ணை உள்ளே அனுப்புவீர்கள். இரண்டாவது, ரிலீஃபின் தலையில் இருக்கும் திருகை ‘இன்னும் கொஞ்சம் டைட் வைத்தால் நிற்கும்’ என்று யாராவது முறுக்க வந்தால் கையைத் தட்டிவிடுங்கள். நிற்கத்தான் செய்யும். அப்புறம் ஒருநாள் பாறையில் மோதும்போது ராடு வாழைத்தண்டு மாதிரி வளையும்.

கார்ட்ரிட்ஜ் இரண்டும் நல்லது, ஆனாலும் தளர்கிறது என்றால்தான் சிலிண்டர் முறை. பிளேடை ஒரு பக்கம் முழுதாகத் திருப்புங்கள். நன்றாக நீண்டு நிற்கும் சிலிண்டரின் ராடுப் பக்க ஹோஸைக் கழற்றி, ஹோஸ் வாய்க்கு டம்மி (அடைப்பு மூடி) போடுங்கள். சிலிண்டரின் திறந்த வாய்க்குக் கீழே பக்கெட் வைத்து, எல்லோரும் தள்ளி நின்று, எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, அதே பக்கம் திருப்புகிற சுவிட்சைச் சில நொடி அழுத்துங்கள். முதலில் கொஞ்சம் வடியும், அது பரவாயில்லை. விடாமல் ஒழுகினால் அந்தச் சிலிண்டரின் பிஸ்டன் சீல் போய்விட்டது. மறுபக்கம் திருப்பி அடுத்த சிலிண்டரையும் பாருங்கள். போனதை மட்டும் மாற்றுங்கள்.

கசிவு தேடும்போது ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். இந்த லைனில் ஓடுவது சுமார் 200 பார், காரின் டயரில் இருப்பதைப்போல் நூறு மடங்கு. ஹோஸில் ஊசிமுனைத் துளையிலிருந்து பீய்ச்சும் ஆயில் கண்ணுக்குத் தெரியாது, தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே பார்த்தால் எறும்பு கடித்த மாதிரி ஒரு புள்ளி, வலிகூட முதலில் பெரிதாக இராது. ‘துடைத்துவிட்டேன், சரியாகிவிடும்’ என்று இருந்தால் விரலையே இழக்க நேரிடும். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், ஹைட்ராலிக் ஆயில் பிரஷரில் உள்ளே போய்விட்டது என்று அந்த வார்த்தையிலேயே சொல்ல வேண்டும். மலையிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கித்தான் சேலம் வர வேண்டும், அதனால் யோசிக்கவே நேரம் எடுக்காதீர்கள். கசிவு தேட கையை நீட்டாதீர்கள், அட்டையை நீட்டுங்கள். அட்டையில் ஈரம் பட்டால் அங்கேதான் துளை.

காலை மந்தம் பெரிய விஷயமில்லை. பத்து மணிக்கு மேல் சரியாகிறது என்பதே பம்ப் நன்றாக இருக்கிறது என்பதற்குச் சாட்சி. தேய்ந்த பம்ப் இதற்கு நேர் எதிர்: காலையில் விறைப்பாக இருந்து, சூடாகச் சூடாகத் துவண்டுபோகும். பழைய சொந்தக்காரர் சமவெளி வெயிலுக்கு என்று 68 ஆயில் ஊற்றியிருப்பார். அந்த எண் 40 டிகிரியில் ஆயில் எவ்வளவு தடிப்பு என்பதைத்தான் சொல்கிறது. மார்கழி விடியலில் ஏற்காட்டுக் குளிரில் அது பல மடங்கு தடித்துவிடும். லோடரின் கையேடு அனுமதித்தால் அடுத்த ஆயில் மாற்றத்தில் 46 போடுங்கள். அதுவரை பத்து நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு, பிளேடை இரு பக்கமும் மெதுவாக ஆட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஆயில் மோர் நிறத்தில் இருந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள். பனிமூட்டத்தின் ஈரமோ மழைநீரோ உள்ளே போயிருக்கிறது, மாற்றிவிடுங்கள். சூடேற்ற வேண்டும் என்று சுவிட்சை லாக் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகும் வழக்கம் சில ஆபரேட்டர்களுக்கு உண்டு. பிளேடு கடைசிவரை திரும்பி நின்றபின் ஆயில் ரிலீஃப் மேல் ஏறி வீணாகக் கொதிக்கும். அது வேண்டாம்.

கடைசியாகக் கப்ளர். கழற்றிய பிளேடில் ஆயில் சிறைப்பட்டிருக்கிறது. வெயிலில் அது விரிய, பிரஷர் ஏற, கப்ளரின் வாயை உள்ளிருந்து அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. சுத்தியலால் தட்டி உள்ளே தள்ள முயலாதீர்கள், தட்டையான அந்த முகம் நசுங்கினால் புதுக் கப்ளர்தான். காலைக் குளிரில் மாட்டிப் பாருங்கள், இரண்டில் ஒரு முறை அப்போதே உள்ளே போய்விடும். போகாவிட்டால், கண்ணாடி போட்டுக்கொண்டு, சிலிண்டர் பக்க ஹோஸ் நட்டைப் பனியன் வேஸ்ட்டால் நன்றாகச் சுற்றி, ஸ்பேனரால் கால் திருகு மட்டும் தளர்த்துங்கள். சொட்டு ஆயில் வந்து பிரஷர் இறங்கும், திரும்ப முறுக்கிவிடுங்கள். இனி கழற்றும் முன் எப்போதும் மேலே சொன்னபடி பிரஷரை இறக்கிவிட்டுக் கழற்றி, மூடி போட்டு, நிழலில் வையுங்கள்.

மாட்டும்போது இரண்டு முகத்தையும் துடைத்து, ‘டக்’ என்று சத்தம் வரும்வரை தள்ளி, வளையத்தைத் திருகி லாக் செய்யுங்கள். பாதி மாட்டிய கப்ளர் ஆயிலை ஒரு வழி மட்டும் விடும். பிளேடு இடது பக்கம் போகும், திரும்பி வராது. அதற்கும் சீல் கிட்தான் என்று யாராவது சொல்வார்கள்.

சீல் மாற்றியே ஆக வேண்டிய நிலை வந்தால், கடைக்குப் போகும் முன் ராடை நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் தடுக்கும் கீறல் இருந்தால் புது சீல் பத்து நாளில் கிழியும். முதலில் ஹார்டு குரோம் போட்டு வாங்குங்கள். பழைய பிளேடுக்கு மாடல் நம்பர் சொல்லிப் பலனில்லை. ராடின் விட்டம், சிலிண்டரின் உள்விட்டம் இரண்டையும் வெர்னியரில் அளந்து எழுதிக்கொண்டு, கழற்றின பழைய சீலையும் கவரில் போட்டுக் கையோடு எடுத்துப் போங்கள்.