குதிரை வரைந்த கடவுள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற கட்டுரையில் பழைய கிரேக்கக் கவிஞரும் தத்துவவாதியுமான செனோபனீஸைப் போகிறபோக்கில் ‘பக்திமான்’ என்று எழுதியிருந்தீர்கள். மாட்டுக்கும் குதிரைக்கும் கை இருந்தால் தங்கள் உருவத்தில்தான் கடவுளை வரையும் என்று பாடியவர் அவர். கிரேக்கத்தின் முதல் நாத்திகர் என்றே படித்திருக்கிறேன். எதை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள்?

ச.

அன்புள்ள ச.,

அந்தக் குதிரை வரியை நானும் பல இடங்களில் எடுத்துவிட்டுக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். ஆனால் அது நம்மிடம் வந்து சேர்ந்த வழியைப் பாருங்கள். செனோபனீஸின் நூல் எதுவும் முழுசாக இல்லை, பின்னால் வந்தவர்கள் மேற்கோள் காட்டிய துண்டுகள்தான் மிச்சம். இந்தத் துண்டைக் காப்பாற்றித் தந்தவர் அலெக்சாண்டிரியாவின் கிளமெண்ட், கிட்டத்தட்ட 700 வருஷம் கழித்து வந்த கிறிஸ்தவ இறையியலாளர். கடவுள் ஒருவரே, அவருக்கு உடல் இல்லை என்று கிரேக்கன் ஒருவனே பாடியிருக்கிறான் என்று காட்டத்தான் அவர் இதை எடுத்தார். நாத்திகனுடைய வரி என்றால் அவர் ஏன் தொடப்போகிறார்?

செனோபனீஸுக்குக் கோபமெல்லாம் தேவர்களின் கதைகளைப் பாடிய பழைய கவிஞர்களான ஹோமர் மேலும் ஹெசியாட் மேலும்தான். திருட்டு, கள்ள உறவு, ஒருவரையொருவர் ஏமாற்றுவது என்று மனிதரிடம் இழிவானதையெல்லாம் தேவர்கள் தலையில் கட்டிவிட்டார்கள் என்கிறார். ஹோமரின் இலியட் முதல் காண்டத்தில் ஒரு இடம் உண்டு: தேவர்களின் அரசன் ஸியூஸ் எத்தியோப்பியர்கள் வீட்டு விருந்துக்குப் போய்விட்டார், மற்ற தேவர்களும் கூடவே கிளம்பிவிட்டார்கள், திரும்பி வருவது பன்னிரண்டாம் நாள்தான், அதுவரை மகனுக்காக முறையிட வேண்டிய கடல்தேவதை தேட்டிஸ் காத்துக் கிடக்கிறாள். இதைப் படித்துவிட்டு செனோபனீஸின் வரிக்கு வாருங்கள். அவருடைய கடவுள் இருந்த இடத்திலேயே இருக்கிறது, அங்கும் இங்கும் அலைவது அதற்குத் தகாது, மனத்தாலேயே எல்லாவற்றையும் அசைக்கிறது. யாரைச் சாடுகிறார் என்று தெரிகிறதா? அந்த எத்தியோப்பியர்களையும் அவர் விடவில்லை. அவர்கள் கடவுளுக்குச் சப்பை மூக்கு, கறுப்பு நிறம், கிரேக்கத்துக்கு வடக்கே இருந்த திரேசியர் கடவுளுக்கு நீலக் கண், செந்நிற முடி என்கிறார்.

அப்புறம் செனோபனீஸின் விருந்துப் பாட்டு ஒன்று இருக்கிறது. தரை கூட்டியிருக்கிறது, கை கழுவியாகிவிட்டது, நடுவில் பூக்கள் சுற்றிய பலிபீடம், சாம்பிராணி வாசம், மேசையில் ரொட்டி, பாலாடைக்கட்டி, தேன். முதலில் கடவுளைப் பாடிவிட்டு அப்புறம் குடியுங்கள், வயசாளியாக இல்லாவிட்டால் துணையில்லாமல் வீடு போய்ச் சேரும் அளவுக்கு மட்டும் என்கிறார். டைட்டன்கள் போர், அரக்கர்கள் போர் என்ற பழைய கதைகளை அங்கே எடுக்காதீர்கள், தேவர்களை எப்போதும் மதியுங்கள் என்றும் சொல்கிறார். நாத்திகர் எழுதும் பாட்டா இது?

சரி, கிளமெண்ட் ஆசைப்பட்டபடி ஒரே கடவுள்காரர் என்றும் எனக்குச் சொல்ல வரவில்லை. ‘தேவர்களிலும் மனிதர்களிலும் மிகப் பெரிய ஒரு கடவுள்’ என்பதுதான் வரி, அதில் ‘தேவர்களிலும்’ உட்கார்ந்திருக்கிறதே. போதாததற்கு, தெய்வங்களைப் பற்றிய நிச்சயமான உண்மையை எந்த மனிதனும் கண்டதில்லை, காணப்போவதும் இல்லை என்று இன்னொரு துண்டில் சொல்கிறார். அதில் அவர் தனக்கு மட்டும் விலக்கு கேட்கவில்லை.

அரிஸ்டாட்டில் சொல்லும் ஒரு சம்பவம். எலியா ஊர்க்காரர்கள் செனோபனீஸிடம் வந்து, மனுஷியாக இருந்து கடல் தெய்வமானதாகச் சொல்லப்படும் லூக்கோதியாவுக்குப் பலி கொடுக்கலாமா, அவளுக்காக ஒப்பாரி வைக்கலாமா என்று கேட்டார்கள். தெய்வம் என்று நினைத்தால் ஒப்பாரி வேண்டாம், மனுஷி என்று நினைத்தால் பலி வேண்டாம் என்றாராம். எது சரி என்று அவர் முடிவு செய்யவில்லை, அவர்களிடமே விட்டுவிட்டார்.

இதை எழுதும்போதுதான் தோன்றுகிறது, ‘பக்திமான்’ என்ற சொல்லும் கொஞ்சம் அதிகம்தான். கட்டுரையில் அதை எடுத்துவிடுகிறேன். ஆனால் அந்த இடத்தில் ‘நாத்திகர்’ என்று போடமாட்டேன்.