கேமுக்கு எந்த பிராசசர்? கேட்டவர்களுக்குப் பதில்

கேள்வி: அண்ணா, 24 கோர் இருக்கிற இன்டெல் ஐ9 14900கே-வை விட 8 கோர் மட்டுமே உள்ள ஏஎம்டியின் ரைசன் 7 7800எக்ஸ்3டி கேமில் வேகம் என்கிறார்கள். நம்பவே முடியவில்லை.

பதில்: பெரும்பாலான கேம்களில் அதுதான் நிலவரம், தம்பி. கோர் என்பது பிராசசருக்குள் தனியாகக் கணக்குப் போடும் ஒரு பகுதி. முதலில், அந்த 24-இல் பெரிய கோர் 8தான், மற்ற 16-ம் சின்னவை. வீடியோ ரெண்டர் என்றால் வேலையைத் துண்டு துண்டாக்கி எல்லாக் கோருக்கும் பங்கு போடலாம். கேமில் அது நடக்காது. எதிரி நகர்ந்த பிறகுதான் குண்டு பட்டதா என்று கணக்குப் போட முடியும். அதனால் ஓரிரு கோர்தான் பெரும் சுமையைத் தூக்குகிறது. 144 எஃப்.பி.எஸ் (நொடிக்கு 144 ஃபிரேம், அதாவது திரைப் படம்) வேண்டுமென்றால் ஒவ்வொரு ஃபிரேமையும் 7 மில்லிசெகண்டுக்குள் முடித்தாக வேண்டும்.

அந்த அவசரத்தில் தேவையான தகவல் கேச்சில் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் சின்ன, வேகமான நினைவகம்) இருந்தால் கைக்கெட்டும் தூரம். இல்லாவிட்டால் ரேம் வரை போய் வர வேண்டும், அதுவரை கோர் சும்மா காத்துக் கிடக்கும். ரைசன் 7 5800எக்ஸ்-இல் எல்3 கேச் (கேச்சின் பெரிய அடுக்கு) 32 எம்பி. 2022-இல் ஏஎம்டி அதே சிப்பின் மேல் இன்னொரு 64 எம்பியை அடுக்கி, 96 எம்பியாக்கி 5800எக்ஸ்3டி என்று விட்டது. உச்ச வேகத்தை 4.7 கிகாஹெர்ட்ஸிலிருந்து 4.5-க்குக் குறைத்தும் கேமில் அண்ணனை முந்தியது தம்பி. எனக்கு இந்த ஒப்பீட்டை விட நல்ல சாட்சி தெரியாது.

கேள்வி: என்னிடம் ஐ5 12400எஃப் பிராசசர், ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு. 1440பி மானிட்டர். 9800எக்ஸ்3டி வாங்கினால் எஃப்.பி.எஸ் இரட்டிப்பாகுமா?

பதில்: ஆகாது சார், காசை வைத்திருங்கள். சந்தேகமிருந்தால் இன்று இரவே சோதியுங்கள். மற்ற செட்டிங் எதையும் தொடாமல் ரெசல்யூஷனை (திரைப் புள்ளிகளின் எண்ணிக்கை) மட்டும் 720பி-க்கு இறக்குங்கள். எஃப்.பி.எஸ் எகிறினால் இழுத்துப் பிடித்தது கிராபிக்ஸ் கார்டு. அசையாமல் நின்றால் பிராசசர். டாஸ்க் மேனேஜரில் மொத்த சதவீதத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். உங்கள் பிராசசரில் 12 த்ரெட், அதாவது ஒரே நேரத்தில் ஓடக்கூடிய 12 வேலை வரிசைகள். அதில் ஒன்று மூச்சு முட்டிக்கொண்டிருந்தாலும் மொத்தக் கணக்கில் 8 சதவீதம் என்றுதான் காட்டும்.

கேள்வி: பி450 போர்டு, ரைசன் 5 2600. எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு ஏஎம்5-க்குப் போகச் சொல்கிறார் கடைக்காரர்.

பதில்: வேண்டாம்! ஏஎம்5 என்பது பிராசசர் உட்காரும் புதிய வகை சாக்கெட். அதற்குப் போனால் போர்டு மட்டுமல்ல, டிடிஆர்4 ரேமும் போய்விடும். அதே போர்டில் ரைசன் 5 5600 உட்காரும். நல்ல விலைக்கு 5700எக்ஸ்3டி கிடைத்தால் இன்னும் சிறப்பு. ஆனால் பழைய பிராசசர் உள்ளே இருக்கும்போதே பயாஸ் (போர்டில் பதிந்துள்ள தொடக்க மென்பொருள்) அப்டேட் செய்துவிடுங்கள். நான் ஒருமுறை அவசரப்பட்டு முதலில் புதியதை மாட்டிவிட்டேன். ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு. மறுபடி எல்லாவற்றையும் கழற்றிப் பழையதை மாட்ட வேண்டியதாயிற்று.

இன்னொன்று, கூலரைக் கழற்றும்போது நேராக மேலே இழுக்காதீர்கள். உங்கள் போர்டின் ஏஎம்4 சாக்கெட் வகையில் பின்கள் பிராசசரின் அடியில் இருக்கும். கூலருக்கும் பிராசசருக்கும் நடுவே காய்ந்த பேஸ்ட் பிடித்துக்கொண்டு பிராசசரும் சேர்ந்தே பிடுங்கிவரும், பின் வளையும். பத்து நிமிடம் கேம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகித் தளர்த்திய பிறகு தூக்குங்கள்.

கேள்வி: செகண்ட் ஹேண்டில் ஐ7 13700கே வாங்கலாமா?

பதில்: நான் வாங்க மாட்டேன். 13, 14-ஆம் தலைமுறையின் உயர் ரகங்களில் தேவைக்கு மேல் வோல்டேஜ் போய்ச் சிப்பே தேய்ந்து, கேம் திடீர் திடீரென்று மூடிக்கொள்ளும் பிரச்சினை இருந்தது. 2024-இல் இன்டெல் மைக்ரோகோடு (சிப்பின் உள்கட்டளைகள்) திருத்தம் விட்டு, வாரண்டியையும் 2 ஆண்டு நீட்டியது. அந்தத் திருத்தம் இனி வரும் சேதத்தைத் தடுக்கும், ஏற்கெனவே தேய்ந்த சிப்பை மீட்காது. முந்தைய உரிமையாளர் எப்படி ஓட்டினார் என்பது உங்களுக்குத் தெரியாதே.

கேள்வி: 16 ஜிபி ரேம் ஒரே குச்சியா, இரண்டு எட்டா?

பதில்: இரண்டு எட்டு. அப்புறம் பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு) ஆன் செய்யுங்கள். இல்லாவிட்டால் பெட்டியில் போட்ட வேகத்தில் ரேம் ஓடாது.

கேள்வி: மதுரையில் ஏசி இல்லாத அறை. 7800எக்ஸ்3டி-க்குத் தண்ணீர் கூலர் கட்டாயமா அண்ணா?

பதில்: தேவையில்லை தங்கச்சி. 14900கே முழுச்சுமையில் 253 வாட் வரை இழுக்கும். 7800எக்ஸ்3டி கேமில் பெரும்பாலும் 80 வாட்டைத் தாண்டாது, நல்ல டவர் ஏர் கூலரே போதும். மே மாதத்தில் கேபினட்டைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்து, முன்பக்கத் தூசி வலையை வாரம் ஒருமுறை கழற்றித் தட்டிவிடுங்கள்.