தார்ப் பாலைவனம் போகிறீர்களா? வண்டி, கூடாரம், முன்பணம்

கேள்வி: எட்டுப் பேர். ஜோத்பூரில் டெம்போ டிராவலர் எடுத்து ஜெய்சல்மர், பிகானேர் பார்த்துவிட்டு ஐந்தாம் நாள் ஜோத்பூர் திரும்புகிறோம். ‘வழியை எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம், ஓடுற கிலோமீட்டருக்குத்தான் காசு’ என்கிறார் வண்டிக்காரர். சரியா?
– ஈரோடு வாசகர்

பதில்: பாதிதான் சரி. நாளொன்றுக்குக் குறைந்தபட்சக் கிலோமீட்டர் என்று ஒன்று இருக்கும், பெரும்பாலும் 250. ஐந்து நாளையும் மொத்தமாகக் கணக்கிட்டால் 1,250. வண்டி ஓடாமல் நின்றாலும் அந்தக் காசு போகும். உங்கள் வழியைக் கூட்டிப் பாருங்கள்: ஜோத்பூர்–ஜெய்சல்மர் சுமார் 280, சாம் மணல்மேடு போய்வர 80, எல்லையோரத் தனோட்–லோங்கேவாலா சுற்று 270, ஜெய்சல்மர்–பிகானேர் 330, பிகானேர்–ஜோத்பூர் 250. ஆக 1,210. தனோட்டை விட்டாலும் ஒரு ரூபாய் மிச்சமாகாது. அதனால் மாற்றங்களை அந்த 1,250க்குள் வையுங்கள். மணற்காற்று அடித்தால் தனோட்டுக்குப் பதில் குரி கிராமத்துக்குப் போகலாம். பிகானேரிலேயே இறங்கி ரயில் பிடிக்கத் தோன்றும். வண்டி காலியாகத் திரும்பும் 250 கிலோமீட்டருக்கும் நீங்கள்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.

முன்பணம் கொடுக்கும் முன் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள்: 250 என்பது தினக்கணக்கா, ஐந்து நாள் மொத்தக் கணக்கா? மீட்டர் வண்டிக்காரரின் ஷெட்டிலிருந்து ஓடுமா, உங்களை ஏற்றிய இடத்திலிருந்தா? டோல், பார்க்கிங், டிரைவர் பேட்டா உள்ளே சேர்த்தியா? வண்டி பழுதானால் மாற்று வண்டி எத்தனை மணி நேரத்தில் வரும்? தினக்கணக்கு என்றால் 330 ஓடிய நாளின் கூடுதல் 80க்குத் தனியே பிடிப்பார்கள். ஜெய்சல்மரில் சும்மா இருந்த நாள் அதை ஈடுகட்டாது. இந்த ஒரு வரியில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள்.

முதல் இரவும் கடைசி இரவும் உறுதியான அறை. நடுவில் வரும் இரவுகளுக்கு முந்தைய நாள் வரை இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறை. தனோட் போகும்போது ராம்கரிலேயே டேங்கை நிரப்புங்கள்.

கேள்வி: மணல்மேட்டின் மேல் கூடாரம் என்று படம் காட்டி முழுப் பணம் வாங்கினார்கள். போனால் தார்ச்சாலை ஓரம். பணம் திரும்பாது என்கிறார்கள்.
– மதுரை வாசகி

பதில்: உங்கள் மேல் தவறில்லை, விடாதீர்கள். விளம்பரப் படம், ரசீது, நீங்கள் எடுத்த போட்டோ மூன்றையும் இணைத்து, 15 நாள் கெடு வைத்து எழுதுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், ஜெய்சல்மர் போக வேண்டாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

கேள்வி: வெள்ளை நம்பர் பிளேட் இன்னோவா பாதி வாடகைக்குக் கிடைக்கிறது.

பதில்: வேண்டாம். சொந்த உபயோக வண்டியை வாடகைக்கு ஓட்டி விபத்தானால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்கும்.

கேள்வி: வாடகைக் காரை மணலில் இறக்கினோம், கிளட்ச் போய்விட்டது. டெபாசிட்டைத் தர மறுக்கிறார்கள்.

பதில்: சாலையை விட்டு இறக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருந்திருக்கும். படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு எனக்கு எழுதி என்ன பயன்? பழுதுபார்த்த பில்லைக் கேளுங்கள். அதற்கு மேல் பிடித்திருந்தால் அந்த மிச்சத்துக்கு மட்டும் வாதாடலாம்.

கேள்வி: சொந்த ஜீப்புக்கு 900 ரூபாய் காற்று பம்ப் போதுமா?

பதில்: போதாது. மணலில் ஓட்ட டயர் காற்றழுத்தத்தை 18 பிஎஸ்ஐ வரை இறக்கியதை, தார்ச்சாலை ஏறும் முன் நான்கு டயருக்கும் 32க்கு ஏற்ற வேண்டும். லைட்டர் சாக்கெட்டில் செருகும் சின்ன பம்ப் அதற்குள் சூடேறி நின்றுவிடும். நான் வாங்கியது இரண்டாவது டயரைத் தாண்டவில்லை. பேட்டரியில் நேரடியாகக் கவ்வும் வகையை வாங்குங்கள். எத்தனை நிமிடம் நிற்காமல் ஓடும் என்பதை அட்டைப்பெட்டியில் பார்த்து வாங்குங்கள்.