பனி நாட்டு வீட்டுக்குள் எலுமிச்சை: கேள்வி பதில்

பிள்ளைகள் குளிர் நாடுகளில் குடியிருக்கும் நெல்லைச் சீமைக் குடும்பத்தாரின் கேள்விகளுக்கு, புளியங்குடியில் எலுமிச்சைத் தோட்டம் வைத்திருப்பவரும், கனடாவில் மகன் வீட்டில் குளிர்காலம் முழுவதும் தொட்டிச் செடி வளர்த்துப் பழகியவருமான மூத்த விவசாயி பதிலளிக்கிறார்.

பாளையங்கோட்டை வாசகி: ஐயா, டொராண்டோவில் இருக்கும் என் மகள் வளர்க்கும் எலுமிச்சை, டிசம்பர் பிறந்ததும் இலைகளைக் கொட்டுகிறது. தினமும் தண்ணீர் ஊற்றியும் நிற்கவில்லை.

அம்மா, முதலில் அந்தத் தண்ணீரை நிறுத்தச் சொல்லுங்கள். இலை உதிர்ந்தால் செடிக்குத் தாகம் என்று நமக்குத் தோன்றுவது இயல்பு. நம் கோடையில் அது உண்மையும்கூட. அங்கே நடப்பது வேறு. தொட்டி மண் 12, 13 டிகிரிக்குக் கீழே குளிர்ந்துவிட்டால் எலுமிச்சை வேர் ஏறக்குறைய வேலையை நிறுத்திவிடும். அதே நேரத்தில் சன்னல் கண்ணாடி வழியே விழும் வெயில் இலையைச் சூடாக்கி, அதிலுள்ள நீரை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். மேலே செலவு நடக்க, கீழே வரவு நின்றுபோவதால் செடி இலையை உதிர்க்கிறது. அந்த வேரில் மேலும் மேலும் தண்ணீர் ஊற்றினால் அது அழுகிவிடும்.

தொட்டியைச் சில்லிட்ட தரையிலிருந்து எடுத்து முக்காலியின் மேல், கண்ணாடியை ஒட்டாமல் வைக்கட்டும். விரலை இரண்டாம் கணு வரை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, ஈரம் தட்டாதபோது மட்டும், வெதுவெதுப்பான நீரை அடித்துளையில் வழியும் வரை ஊற்றி, தட்டில் தேங்குவதைக் கொட்டிவிட வேண்டும். கிளையை நகத்தால் லேசாகக் கீறினால் உள்ளே பச்சை தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தெரிந்தால் செடி பிழைத்துக்கொள்ளும்; பங்குனி வாக்கில் துளிர்விடும்.

கடையம் வாசகர்: சன்னலோர வெளிச்சம் போதாதா?

போதாது. டிசம்பரில் டொராண்டோவின் பகல் ஏறத்தாழ 9 மணி நேரம்தான். அப்போது நமக்குப் பதினொன்றரை மணி நேரம் இருக்கும். அங்கே சூரியன் தெற்கே தாழ்வாகவே போவதால் தெற்குச் சன்னல்தான் சிறந்தது. அதோடு செடி வளர்ப்புக்கான எல்இடி விளக்கை நாளொன்றுக்கு 12 முதல் 14 மணி நேரம் எரியவிட வேண்டும்.

சங்கரன்கோவில் வாசகர்: அண்ணாச்சி, அடுத்த மாதம் மகனிடம் போகிறேன். நம் ஊர்க் கன்று ஒன்றையும் கறிவேப்பிலைச் செடியையும் பையில் கொண்டுபோகலாமா?

தயவுசெய்து வேண்டாம். விமான நிலையச் சோதனையில் பிடுங்கிக்கொள்வார்கள் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. கறிவேப்பிலையும் எலுமிச்சையும் ஒரே தாவரக் குடும்பம். எலுமிச்சை, ஆரஞ்சு வகை மரங்களைத் தாக்கும் கிரீனிங் நோயைப் பரப்பும் சில்லிட் என்ற சிறு பூச்சி இரண்டிலும் தங்கும். 2005இல் ஃபுளோரிடாவில் கண்டறியப்பட்ட அந்த நோய் அங்குள்ள ஆரஞ்சுத் தோட்டங்களைச் சீரழித்துவிட்டது. அதைக் குணப்படுத்த இன்றுவரை மருந்து இல்லை. தோட்டக்காரன் என்ற முறையில் இதை நினைத்தாலே எனக்கு மனம் பதறுகிறது.

கன்றை அங்கேயே வாங்குங்கள். செடி சேகரிப்பாளர் ஃபிராங்க் மேயர் 1908இல் சீனாவிலிருந்து அமெரிக்காவுக்குக் கொண்டுவந்த மேயர் எலுமிச்சை வீட்டுக்குள் நன்றாக வளரும். ஆனால் அதன் புளிப்பு குறைவு, ஊறுகாய்க்கு நம் காய் போல வராது. நம் ருசி வேண்டுமென்றால் ‘கீ லைம்’ என்று கேளுங்கள், அது நம் எலுமிச்சை இனமே. குளிரை இன்னும் குறைவாகத்தான் தாங்கும் என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள். ஒட்டுக்கன்றாக இருந்தால், ஒட்டுக்குக் கீழே மூவிலைத் துளிர் வரும்போதெல்லாம் கிள்ளிவிட வேண்டும். விட்டால் அதுவே செடியை ஆண்டுவிடும்.

அம்பாசமுத்திரம் வாசகி: இலையெல்லாம் பிசுபிசுப்பாக இருக்கிறதாம்.

இலையின் அடிப்புறத்தையும் நடு நரம்பையும் பார்க்கச் சொல்லுங்கள். பழுப்பு நிறச் செதில் பூச்சி அப்பியிருக்கும். ஈரத்துணியால் துடைத்துவிட்டு, வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து வாரம் ஒருமுறை தெளித்தால் அடங்கும். மெல்லிய நூலாம்படை தெரிந்தால் அது சிலந்திப்பேன்; ஹீட்டரின் வறண்ட காற்றில் மளமளவென்று பெருகும். செடியைக் குளியலறைக்குக் கொண்டுபோய் இலைகளின் அடிப்புறத்தை நன்றாகக் கழுவ வேண்டும்.

களக்காடு வாசகர்: பூக்கிறது, காய் பிடிக்கவில்லை.

வீட்டுக்குள் தேனீ இல்லை. மெல்லிய தூரிகையால் பூவுக்குப் பூ மகரந்தத்தைத் தொட்டு வைத்தால் காய்ப்பு கூடும். அப்படியும் பிஞ்சுகளில் பெரும்பகுதி உதிரும். நம் தோட்டத்திலும் அப்படித்தான். சிறு கன்றாக இருந்தால் மூன்று நான்கு காய்க்கு மேல் விடாதீர்கள். பூத்ததிலிருந்து பறிக்கும் வரை இங்கேயே ஐந்தாறு மாதம் ஆகும். அங்கே இன்னும் கூடுதலாக ஆகும்.