கொடைக்கானல் ஏரிச் சேற்றின் வயதை ஈயம்-210 சொல்லுமா?

ஆழ்கடல் வண்டலை ஆராயும் ஈயம்-210 முறை கொடைக்கானல் ஏரிக்கும் ஒத்துவருமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஈயம்-210 கதிரியக்கத்தால் தேய்ந்துகொண்டே போகும் ஈய வகை; எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்த்துச் சேற்றின் வயதைக் கணிப்பார்கள். ஒத்துவரும்; சொல்லப்போனால் ஏரியில்தான் அது வயதையே சொல்லும். ஆழ்கடலில் ஆயிரம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் படியும். அங்கே 5 செ.மீ. சேர்வதற்குள் ஈயம்-210 தீர்ந்துவிடும்; அந்த ஆழத்தில் உபரி ஈயம் (சேற்றிலுள்ள ரேடியத்திலிருந்து பிறந்ததைக் கழித்து, மேலிருந்து வந்து படிந்த ஈயம்-210) கிடைத்தால் அது புழுக்கள் கிளறிய கணக்கு. ஆழ்கடலில் படியும் வேகத்தை அளக்க, இன்னும் மெதுவாகத் தேயும் தோரியம்-230தான்.

ஏரி 1863-இல் உருவானது. ஈயம்-210-இன் அரை ஆயுள் (பாதியாகத் தேயும் காலம்) சுமார் 22 ஆண்டு. அடிச்சேற்றில் நூற்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது. மேலே உள்ள நூறு வருடச் சேற்றைத்தான் நம்பலாம்.

படகுத்துறையை விட்டு விலகிச் சேறு எடுக்கும் குழாயை இறக்குங்கள். துறையருகே சேறு கலங்கியிருக்கும். 1 செ.மீ. வில்லைகளாக நறுக்கி, உலர்த்தி, காற்றுப்புகாத டப்பாவில் மூன்று வாரம் மூடிவைத்த பிறகே காமா கதிர் அளவீடு. டப்பா கசிந்தால், ரேடியத்திலிருந்து பிறக்கும் ரேடான் வாயு ஓடிவிடும். அதை வைத்து அளக்கும் ரேடியம் குறைவாகத் தெரியும், கழிக்கும் அளவு குறையும், பழைய சேறு இளசாகக் காட்டும்.