நவம்பரில் லண்டன்: மைனஸ் 20 ஜாக்கெட் எதற்கு?

விமான டிக்கெட் கோடையைவிட மலிவு என்று நவம்பரில் லண்டன் கிளம்புகிறவர்கள் கூடிவிட்டார்கள் போலிருக்கிறது. இந்த முறை வந்த கடிதங்கள் எல்லாமே அதைப் பற்றித்தான்.

கேள்வி: நவம்பர் இரண்டாம் வாரம் நாங்கள் நால்வர் போகிறோம். ‘மைனஸ் 20 டிகிரி தாங்கும், லண்டனுக்கு இது இல்லாமல் முடியாது’ என்று கடையில் சொல்லி ஆளுக்கொரு ஜாக்கெட் கொடுத்தார்கள். மொத்தம் 46,000 ரூபாய். அங்கே அவ்வளவு குளிர் இருக்காது என்கிறாள் தங்கை. கடைக்காரர் திருப்பி எடுக்க மறுக்கிறார். (கோவை வாசகி)

பதில்: தங்கை சொல்வதுதான் சரி. லண்டனில் நவம்பர் பகல் 11, 12 டிகிரி. இரவு 5, 6. ஜனவரியில் ஊட்டி சில இரவுகளில் அதைவிடக் குளிரும். அதற்கு நாம் ஸ்வெட்டரும் மப்ளரும்தானே எடுத்துப் போகிறோம்?

லண்டனில் ஆளைப் படுத்துவது ஈரமும் காற்றும். சென்னைக்கு நவம்பரில் பெய்யும் மழையில் கால் பங்குகூட அங்கே கிடையாது. ஆனால் அது தூறலாக, பக்கவாட்டில், மணிக்கணக்கில் விழும். நடுவில் வெயில் அடிக்கும். நம்பி நாலு தெரு நடந்தால் மறுபடி தூறல். கடைக்குள் போனால் ஹீட்டர், பாதாள ரயிலில் நவம்பரிலும் புழுக்கம். உங்கள் ஜாக்கெட்டோடு ரயில் ஏறினால் இரண்டாவது நிறுத்தத்தில் வேர்க்கும். கழற்றினால் நாள் முழுக்கக் கையில் ஒரு தலையணை. தேவைப்படுவது உடம்போடு ஒட்டிய மெல்லிய தெர்மல் உள்ளாடை, அதன்மேல் ஒரு கம்பளி ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேலே மழை புகாத மெல்லிய கோட்டு. உள்ளே வந்ததும் ஒவ்வொன்றாகக் கழற்றலாம்.

அந்த மேல்கோட்டில்தான் ஏமாற்று வேலை அதிகம். ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று சீட்டு ஒட்டாத ஜாக்கெட் இன்று கடையில் இருக்கிறதா? பெரும்பாலானவற்றில் துணிமேல் ஒரு பூச்சு மட்டும் இருக்கும். கடைக்காரர் தண்ணீர் தெளித்துக் காட்டுவார், முத்து முத்தாக உருண்டோடும், நாமும் தலையாட்டுவோம். பத்து நிமிடத் தூறலுக்கு அது போதும். அரை மணி நேரத்துக்கு மேல் போனால் தையல் துளை வழியாகத் தண்ணீர் உள்ளே வரும். நாலைந்து முறை துவைத்தால் பூச்சும் மங்கிவிடும். என் அலமாரியில் தொங்குவது அந்த ரகம்தான். ட்ரஃபால்கர் சதுக்கத்தைக் கடப்பதற்குள் தோள்பட்டை இரண்டும் நனைந்தன. வாங்கும்போது உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். தையல் ஓடும் இடமெல்லாம் நாடா ஒட்டியிருக்க வேண்டும். சீட்டில் 10,000 மி.மீ. என்ற அளவில் ஓர் எண் இருக்க வேண்டும். துணி எவ்வளவு நீரழுத்தம் தாங்கும் என்பதற்கான கணக்கு அது. இரண்டும் இல்லை என்றால் விற்பவர் வாயில் மட்டும்தான் வாட்டர்ப்ரூஃப். உங்கள் ஜாக்கெட்டுக்குள் வாத்து இறகு வைத்திருந்தால் இன்னும் மோசம். நனைந்த இறகு கட்டிக்கொள்ளும், சூடு தராது.

பணத்துக்கு வருவோம். குறையுள்ள பொருளைத் திருப்பி எடுக்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிகம். ‘விற்ற சரக்கு வாபஸ் இல்லை’ என்று பில்லில் அச்சடித்திருந்தாலும் இது பொருந்தும். உங்கள் விஷயத்தில் சரக்கில் குறை இல்லை, சொன்ன ஆலோசனையில்தான் குறை. அவர் வாயால் சொன்னதை நிரூபிப்பது கடினம், அதனால் வழக்கு வலுவாக நிற்பது சந்தேகம். ஆனாலும் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போங்கள். பணம் தராவிட்டாலும் மாற்றிக் கொடுக்க வாய்ப்பு உண்டு.

கேள்வி: குடை போதாதா? (சேலம்)

பதில்: காற்று அதைத் தாமரைபோல் விரித்துவிடும். தலைமூடி வைத்த கோட்டு வாங்குங்கள்.

கேள்வி: லண்டனில் கைக்கடிகாரம் வாங்கி, விமான நிலையத்தில் பில்லைக் காட்டினால் 20 சதவீத வரி திரும்பக் கிடைக்கும் என்கிறார் மச்சினன். (மதுரை)

பதில்: மச்சினன் கடைசியாகப் போனது எப்போது? சுற்றுலாப் பயணிகளுக்கு அப்படித் திருப்பித் தருவதை இங்கிலாந்து 2020 முடிவோடு நிறுத்திவிட்டது. கடையே நேராக வெளிநாட்டு முகவரிக்கு அனுப்பினால் மட்டும் வரி இல்லாமல் வாங்க வழி உண்டு. அதற்குச் செலவும் இங்கே சுங்கமும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

கேள்வி: மலிவாக இருந்ததால் ‘ரீஃபண்ட் இல்லை’ என்ற ஓட்டல் அறை, மாலை 5 மணிக்கு லண்டன் ஐ ராட்டினம், மூன்று நாளைக்குத் திறந்த மாடி பஸ் எல்லாம் முன்கூட்டியே போட்டுவிட்டேன். விசா இன்னும் வரவில்லை, தேதி தாண்டிவிடும். பிரிட்டனில் ஆன்லைனில் வாங்கியதை 14 நாளில் ரத்து செய்யலாமாமே? (சென்னை)

பதில்: ‘ரீஃபண்ட் இல்லை’ என்பதைப் படித்துவிட்டுத்தான் பணம் கட்டியிருக்கிறீர்கள். பிறகு என்னிடம் எதற்குக் கேட்கிறீர்கள்? 14 நாள் விதி 2014 முதல் இருக்கிறது. குறிப்பிட்ட தேதிக்கான தங்குமிடம், பயணம், பொழுதுபோக்கு மூன்றும் அதில் வராது. நீங்கள் வாங்கியது அந்த மூன்றையும்தான். விசாவுக்காகப் போட்டேன் என்று சொல்லிவிடாதீர்கள். ஓட்டல், விமான முன்பதிவுகளை அனுப்பத் தேவையில்லை என்று பிரிட்டன் அரசின் வழிகாட்டியே சொல்கிறது. ஓட்டலுக்குப் பணிவாக எழுதி, பணம் கேட்காமல் தேதி மாற்றம் கேளுங்கள். சில ஓட்டல்கள் இரங்கும்.

மற்றவர்களுக்கும் சொல்கிறேன். நவம்பர் நடுவில் லண்டனில் நாலே காலுக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். 5 மணிக்கு ராட்டினத்தில் ஏறினால் விளக்குகள்தான் தெரியும், அதுவும் மூடுபனி விட்டால். கூரையில்லாத பஸ் டிக்கெட்டை வானிலை அறிக்கை பார்த்து முந்தின நாள் வாங்கினால் போதும். இந்த மாதத்தில் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து ரத்து செய்யக்கூடிய அறை எடுப்பது வீண்செலவு இல்லை.

கேள்வி: கார்டு மெஷினில் ‘ரூபாயா, பவுண்டா’ என்று கேட்கிறதே? (ஈரோடு)

பதில்: பவுண்டு. ரூபாய் என்று அழுத்தினால் மெஷின்காரர் வைத்த மாற்று விகிதத்துக்குத் தலையாட்டுகிறீர்கள்.

கேள்வி: மழையில் லெஸ்டர் சதுக்கம் பக்கம் டாக்சி கிடைக்காமல் விளக்கு போட்ட சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறினோம். என் கணவருக்கு முழங்கால் வலி. ஏறும்போது சொன்ன தொகை ‘ஒரு நிமிடத்துக்கு’ என்று இறங்கும்போது சொல்லி, கார்டில் மூன்று இலக்க பவுண்டு இழுத்துவிட்டார். எங்கள் முட்டாள்தனம்தானே? (திருச்சி வாசகி)

பதில்: இல்லவே இல்லை அம்மா. மழையில், வலியோடு நிற்கிற வயதானவர்களைப் பார்த்துத்தான் அவர்கள் நிறுத்துவார்கள். இந்தக் கொள்ளை ஊரறிந்தது. அதற்காகவே 2024-ல் தனிச் சட்டம் கொண்டுவந்து, உரிமமும் கட்டணமும் நிர்ணயிக்கும் அதிகாரத்தை லண்டன் போக்குவரத்து அமைப்புக்குக் கொடுத்தார்கள். கார்டில் போனது ஒருவகையில் நல்லது. இன்றே வங்கிக்கு எழுதுங்கள்: பேசிய தொகை இவ்வளவு, எடுத்தது இவ்வளவு, தேதி, நேரம், இடம். ‘டிஸ்ப்யூட்’ (இந்தத் தொகையை ஏற்கவில்லை) என்ற சொல்லை மறக்காமல் போடுங்கள். கிளையில் ‘நீங்கள்தானே பின் நம்பர் போட்டீர்கள்’ என்று தட்டிக்கழிப்பார்கள். அதைக் கேட்டுத் திரும்பிவிடாமல் எழுத்தில் பதில் கேளுங்கள்.

அடுத்த முறை சிவப்பு பஸ்ஸில் ஏறிவிடுங்கள். அதில் காசு வாங்க மாட்டார்கள், கார்டைத் தட்டினால் போதும். முதல் தட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வேறு பஸ் மாறினாலும் கூடுதல் கட்டணம் இல்லை. ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி: பிரிட்டிஷ் மியூசியத்துக்கு ஒரு இணையதளத்தில் நுழைவுச்சீட்டு வாங்கினேன். சரியான விலையா? (நெல்லை)

பதில்: நுழைவு இலவசம். வழிகாட்டி கூட வருவதாக எழுதியிருந்தால் அது அவருக்கான கூலி. இல்லையென்றால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். நேஷனல் கேலரி, நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியமும் நுழைய இலவசம்தான். மழை வலுத்தால் ஒதுங்க இவற்றைவிட நல்ல இடம் இல்லை.

கேள்வி: குளிர் உடுப்பை அங்கேயே போய் வாங்கலாமா? (தஞ்சாவூர்)

பதில்: தெர்மலும் மழைக்கோட்டும் இங்கிருந்தே கொண்டுபோங்கள், இறங்கியதும் தேவைப்படும். கம்பளிக் கோட்டு வேண்டுமென்றால் ஆக்ஸ்ஃபாம் போன்ற அறக்கட்டளைக் கடைகளில் பாருங்கள். பழையதுதான், ஆனால் புதிய மலிவுக் கோட்டைவிடத் துணி நன்றாக இருக்கும். ஷூவில் கஞ்சத்தனம் வேண்டாம். தோல் மாதிரி பளபளத்த ஒன்றை விலை குறைவென்று வாங்கினேன், முதல் மழையிலேயே அடிப்பாகம் கழன்றது. புது ஷூவை ஊரிலேயே ஒரு வாரம் போட்டு நடந்து பழகுங்கள். அங்கே கடையில் வாங்கிய பொருளில் குறை இருந்தால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கச் சட்டம் இருக்கிறது. மனசு மாறியதற்கெல்லாம் அந்தச் சட்டம் உதவாது, கடை பார்த்துத் தந்தால் உண்டு. பில்லைத் தூக்கிப் போடாதீர்கள்.