பழைய காருக்குக் குறைந்த செலவில் டியூனப்: எதை முதலில் பார்ப்பது?

12 ஆண்டு ஓடிய பெட்ரோல் காரை அண்மையில் வாங்கியிருக்கும் நீங்கள், கையிலுள்ள சிறிய தொகையில் எதை முதலில் பார்ப்பது, டியூனப் செய்தால் பழைய இழுவை திரும்புமா, இன்ஜின் ஃப்ளஷ் (உள்ளே படிந்த கசடைக் கழுவும் திரவம்) போடலாமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். நான் மெக்கானிக் அல்லன். இரண்டு பேர் ஓட்டிக் கைமாறிய காரை வாங்கி, பல ஆண்டுகளாக அதன் பானெட்டைத் திறந்து மூடியே கற்றுக்கொண்டவன்.

காற்றோடு பெட்ரோலைக் கலக்கும் கார்புரேட்டரும் தீப்பொறியைத் தூண்டும் கான்டாக்ட் பாயின்டும் இருந்த காலத்தில் டியூனப் என்றால் உண்மையிலேயே திருகிச் சரிசெய்யும் வேலை. இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் எரிபொருள் அளவையும் தீப்பொறி நேரத்தையும் கணினியே தீர்மானித்துக்கொள்வதால், இன்று அந்தச் சொல்லில் எஞ்சியிருப்பது ஸ்பார்க் பிளக் மாற்றுவது, ஏர் ஃபில்டர் மாற்றுவது, திராட்டில் பாடியை (இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பாகம்) சுத்தம் செய்வது ஆகியவைதாம். இவற்றால் வண்டி சீராக ஓடும் என்பது உண்மை. ஆனால் டைமிங் பெல்ட் (வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒத்திசைவாக இயங்கவைக்கும் பெல்ட்) அறுந்தால் புதுப் பிளக்கால் ஒரு பயனும் இல்லை என்பதால், இன்ஜினையோ உயிரையோ பறிக்கக்கூடியவற்றுக்கே முதல் பணம் போக வேண்டும் என்பேன்.

உங்கள் இன்ஜினில் இருப்பது டைமிங் பெல்ட்டா செயினா என்பதைக் கையேட்டில் பாருங்கள். பெல்ட் என்றால், 60,000 முதல் 1,00,000 கிலோமீட்டருக்குள்ளோ குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள்ளோ, எது முந்துகிறதோ அப்போது, மாற்றும்படிப் பல தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். பழைய உரிமையாளர் "மாற்றியாச்சு" என்று சொல்லிப் பில்லைக் காட்டவில்லை என்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளையும் வகை இன்ஜின்கள் ஏராளம். அந்தச் செலவு சில வேளைகளில் வண்டியின் விலையையே தாண்டிவிடும். வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில் ஓடுவதாக இருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுவது, ஒரே கூலியை இரு முறை கொடுப்பதைத் தவிர்க்கும்.

அடுத்தது ஆயிலும் கூலன்ட்டும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துச் சில நிமிடங்கள் கழித்து டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து மறுபடி செருகி எடுத்தால், ஆயில் இரு கோடுகளுக்கு நடுவே நிற்க வேண்டும். கறுப்பாக இருப்பது குற்றமில்லை. ஆனால் டிப்ஸ்டிக்கிலேயே வெளிறிய, பால் கலந்தது போன்ற படலம் தெரிந்தால் ஆயிலில் தண்ணீரோ கூலன்ட்டோ சேர்கிறது என்று பொருள், ஹெட் கேஸ்கெட்டை (சிலிண்டர் ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) சோதிக்காமல் மேலே ஒரு காசும் செலவழிக்க வேண்டாம். ரேடியேட்டர் மூடியை இன்ஜின் முழுவதும் குளிர்ந்த பிறகே திறக்க வேண்டும். உள்ளே துருநிறத் தண்ணீர் இருந்தால், கூலன்ட் போட வேண்டிய இடத்தில் யாரோ குழாய்த் தண்ணீரை ஊற்றியே காலம் தள்ளியிருக்கிறார்கள்.

பிரேக் ஆயிலைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 எனும் தர வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் ஏறிய பின் அந்த வரம்பு 140 டிகிரி வரை இறங்கிவிடலாம். நீண்ட இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து மிதித்து வரும்போது ஆயில் கொதித்து ஆவிக்குமிழி உண்டானால் மிதி தரைவரை போய்விடும். எனவே இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. டயரின் பக்கவாட்டில் DOT என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு எண்கள் தயாரித்த வாரமும் ஆண்டும் ஆகும். 2314 என்றிருந்தால் அது 2014-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்து டயர், பட்டன் (தரையைத் தொடும் வரிப்பகுதி) தேயாமல் இருந்தாலும் ரப்பர் இறுகிப்போயிருக்கும்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் டியூனப். குளிர்ந்த இன்ஜினில் பிளக்குகளைக் கழற்றி, எது எந்த சிலிண்டருக்குரியது என்பது மாறாமல் வரிசையாக வைத்துப் பாருங்கள். முனை இளம்பழுப்பாக இருந்தால் எரிதல் சரி. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. ஆயில் ஈரம் பளபளத்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கக்கூடும், அது டியூனப்பில் தீரும் நோய் அன்று.

என் கார் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் ஐட்லிங் ஏறி இறங்கி நடுங்கியது. ஒரு பட்டறையில் நான்கு இன்ஜெக்டரையும் மாற்றச் சொன்னார்கள். இன்னொரு பெரியவர் எதையும் கழற்றாமல், ஓடும் இன்ஜினின் மேல் காதைச் சாய்த்து, இன்டேக் பக்கம் லேசான 'உஸ்' சத்தம் கேட்ட இடத்தில் விரல் நீள ரப்பர் ஹோஸ் ஒன்றை இரு விரலால் நசுக்கினார். நடுக்கம் உடனே நின்றது. ஹோஸைக் கழற்றி வளைத்தபோது, நேராக இருக்கையில் கண்ணுக்கே தெரியாத வெடிப்பு வாய் பிளந்தது. அதை மாற்றியதற்கு ஆன செலவு, ஒரு பிளக்கின் விலைகூட இல்லை. அன்றிலிருந்து நான் சந்தேகத்தின்பேரில் உதிரிபாகம் மாற்றுவதில்லை. ஓபிடி பிளக் (காரின் கணினி பதிந்த கோளாறுக் குறியீடுகளைப் படிக்க உதவும் இணைப்பு) உள்ள வண்டி என்றால் மலிவான ஸ்கேனர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அது காட்டும் குறியீட்டைத் தீர்ப்பாகக் கொள்ளாதீர்கள். பி0171 என்பது கலவையில் பெட்ரோல் குறைவு என்று மட்டுமே சொல்லும். காரணம் ஆக்சிஜன் சென்சாராக இருக்கலாம், வெடிப்பு வழியே காற்றை உள்ளே விடும் இத்தகைய ஹோஸாகவும் இருக்கலாம்.

இழுவை முழுவதும் திரும்புமா என்ற கேள்விக்கு, கம்ப்ரஷன் சோதனை செய்து பார்த்தால்தான் விடை கிடைக்கும். நான்கு சிலிண்டரிலும் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றாகவும் கையேட்டு அளவுக்கு நெருக்கமாகவும் இருந்தால் நம்பிச் செலவழிக்கலாம். இன்ஜின் ஃப்ளஷ் மட்டும் வேண்டாம். பல ஆண்டுகளாகப் படிந்த கசடு ஒரே நேரத்தில் பெயர்ந்து ஆயில் பம்ப்பின் சல்லடையை அடைத்தால் இன்ஜினுக்கு ஆயில் ஏறாது. அதற்குப் பதில், கையேடு சொல்லும் தரத்திலுள்ள ஆயிலை இப்போது ஃபில்டருடன் மாற்றி, 2,000 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை ஃபில்டருடன் மாற்றிவிடுங்கள். கசடு கொஞ்சங்கொஞ்சமாகக் கரைந்து ஆயிலோடு வெளியேறும்.